இன்சுலினை நிறுத்தச் சொல்வதிலிருந்து குழந்தைகளைக் காக்கக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்: டைப் 1 சர்க்கரை நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர், ஓய்வுபெற்ற செவிலியர்கள்

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பார்வை: குறைதீர் நாளில் இதே பொருளில் கொடுத்த மூன்று மனுக்கள். பதில் வரவில்லை.

ஐயா, வணக்கம்.

பைபாஸ் இறக்கத்தில், மூடிக் கிடக்கும் செங்கல் சூளைக்கு எதிரே உள்ள தகரக் கொட்டகை தாங்கள் அறிந்ததே. வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு வரை அங்கே உபவாச ஜெபம். வாசல் பேனரில் ‘சர்க்கரை நோய்க்குப் பூரண சுகம்’. யார் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஜெபமும் நடக்கட்டும், ஊசியும் போடட்டும். ஊசி போட்டால் விசுவாசக் குறைவு என்று சொல்லி நிறுத்த வைப்பதைத்தான் தடுக்கக் கேட்கிறோம். தாயத்துக் கட்டி நிறுத்தச் சொல்லும் இடங்களுக்கும் சேர்த்தே இந்த மனு.

1. இந்தக் குழந்தைகளின் கணையத்தில் இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. இவர்களுக்கு மாத்திரை உதவாது. பெரும்பாலும் நாளுக்கு நாலு ஊசி.

2. ஊசி தொடங்கிய சில வாரங்களில், மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்சம் தெளிந்து வேலை செய்யும். 20 யூனிட் போட்ட பிள்ளைக்கு 6 யூனிட்டே போதும் என்றாகும். டாக்டர்கள் இதை ‘ஹனிமூன்’ என்பார்கள். சில மாதங்களில் முடிந்துவிடும். அந்த நேரம் பார்த்துக் கொட்டகைக்குப் போனால் குளுக்கோமீட்டரில் 110 காட்டும், சர்க்கரை நோயே இல்லாதவரைப் போல. உடனே மேடையில் சாட்சி, மறுநாள் ஊசி குப்பையில்.

3. எங்களை அதிகம் வதைப்பது இதுதான், தயவுசெய்து முழுதும் படியுங்கள். வெள்ளி மாலை ஊசி நிற்கிறது. சனிக்கிழமை ஓயாத தாகம், வயிற்று வலி, வாந்தி. ‘பிசாசு வெளியேறுகிறது’ என்கிறார்கள். உபவாசம் என்று தண்ணீரும் கிடையாது. இரவில் பெருமூச்சு, விலா எலும்பு தெரிய நெஞ்சு ஏறி இறங்கும், வாயில் அழுகிய பழ வாசனை. ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது என்று அர்த்தம். நினைவு மங்கிய பிறகு, நள்ளிரவு 2 மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறார்கள். சலைன் ஏற்றி, எடைக்குக் கிலோவுக்கு மணிக்கு 0.05 முதல் 0.1 யூனிட் இன்சுலினைச் சொட்டாக விட்டு, பொட்டாசியம் கொடுத்து, மணிக்கொரு தடவை சர்க்கரை பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் மூளை வீங்கும் அபாயம். அமிலம் அடங்கவே ஒரு நாள் ஆகலாம். ஆனால் விடியும்போது பிள்ளை கண் திறந்து தண்ணீர் கேட்கும். சுகமாகிவிட்டது என்று, ‘சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறேன்’ எனக் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சொட்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். யாருடைய உயிருக்கு யார் போடும் கையெழுத்து ஐயா அது? பெற்றவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளை பிழைக்க வேண்டும் என்றுதான் அங்கே ஓடுகிறார்கள்.

4. சட்டம் இல்லையா? 2015 இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 31-இன்படி மருத்துவரோ செவிலியரோ இப்படிப்பட்ட குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுவரலாம். குழு கூடாத நேரத்தில் தனி உறுப்பினர் ஒருவர் போதும் (பிரிவு 28). பராமரிக்க வேண்டியவரே வேண்டுமென்று புறக்கணித்து வதைத்தால் பிரிவு 75-இல் 3 ஆண்டு வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. இருந்து என்ன? ஆஸ்பத்திரியில் ‘போலீஸ் வரட்டும்’, ஸ்டேஷனில் ‘குடும்ப விவகாரம்’, குழுவைக் கேட்டால் ‘காலையில் வாருங்கள்’. காலை வரை அந்தப் பிள்ளை இருக்க வேண்டுமே!

5. மந்திர வைத்திய விளம்பரத் தடைச் சட்டம் 1954-இன் பட்டியலில் சர்க்கரை நோய் உள்ளது. பேனரை இறக்க அது போதும். அரசமைப்பின் 25-ஆவது பிரிவு தரும் மத உரிமையும் பொது சுகாதாரத்துக்கு உட்பட்டதே.

ஆகவே, 18 வயதுக்குட்பட்டவரைச் சொந்தப் பொறுப்பில் அனுப்பும் முன் 1098-க்கும் நலக் குழுவுக்கும் தகவல் தர வேண்டும் என்று எழுத்துமூலம் உத்தரவிட வேண்டுகிறோம். இரவுப் பொறுப்பு உறுப்பினரின் தொலைபேசி எண் குழந்தைகள் வார்டுச் சுவரில் இருக்க வேண்டும். மறுபடியும் கேட்கிறோம் ஐயா, ஓர் உத்தரவு, ஓர் எண். வேறொன்றும் கேட்கவில்லை.

வரும் வெள்ளிக்கிழமைக்குப் புதுப் பேனர் கட்டியாகிவிட்டது.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ளோர்