பாரத் பில்டிங்குக்கு முதலில் ஒரு மூடாப்பு போடுங்கள்

எல்.ஐ.சி. தென்மண்டல நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். அண்ணா சாலையில் உங்கள் பொறுப்பில் இருக்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைப் பற்றி எழுதுகிறேன். அதை இடிப்பது பற்றிய வழக்கும் தீர்ப்பும் உங்கள் கோப்புகளிலேயே இருக்கும். அதை நான் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் கேட்க வந்தது அதன் சுவரில் வளரும் மரங்களைப் பற்றி.

சமீபத்தில் ஒரு மழை நாளில் பஸ்ஸுக்காக நின்றபோது தலையைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்புச் செங்கல் வரிசைக்கு நடுவே அரசங்கன்றுகள் செழிப்பாக நிற்கின்றன. கன்று என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். வேர் சுவரோடு ஒட்டிக் கீழே இறங்கி, வளைவின் மேல் விளிம்பைப் பிடித்திருக்கிறது. பழைய சுண்ணாம்புக் காரை என்றால் அரசுக்கும் ஆலுக்கும் கொண்டாட்டம். காக்கை எச்சத்தில் விழும் ஒரு விதை போதும். வேர் பருக்கப் பருக்கச் செங்கல் விலகும், விலகிய இடத்தில் தண்ணீர் இறங்கும், தண்ணீர் காரையைக் கரைக்கும். மேலே வெட்டிவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடி துளிர்த்துவிடும். வேருக்கு மருந்து வைத்துச் சாகடித்துவிட்டு, அந்த இடுக்கைச் சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும். சிமெண்ட்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, இருப்பதும் கெட்டுவிடும். இதெல்லாம் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். கூப்பிடத்தான் ஆளில்லை.

1897இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரி கட்டிய கார்டில் பில்டிங் இது. 1934இல் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது. அந்தக் கம்பெனியின் பணம் எங்கே போனது என்று 1955இல் எம்.பி. பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் கேட்ட கேள்விகள், அடுத்த ஆண்டே ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாகக் காரணமானவற்றில் ஒன்று. அதாவது நீங்கள் பிறந்த கதையில் இந்தக் கட்டடத்தின் பழைய முதலாளிக்கும் ஓர் இடம் உண்டு. 2006இல் அந்தக் கட்டடத்தையே இடிக்கக் கிளம்பினீர்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. 2010இல் இடிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

சரி, இடிக்கவில்லை. அதற்கு நன்றி. ஆனால் கடப்பாரை செய்யாததை மழையும் வேரும் செய்யட்டும் என்று காத்திருப்பது போலத்தானே வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும்? அப்படி இல்லை என்றால் சொல்லுங்கள், மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்கிறேன்.

கட்டடம் பழுதாகிவிட்டது என்பது ஒரு காரணமே இல்லை. 1975இல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் உங்கள் உயர்ந்த கட்டடமே தீப்பிடித்து எரிந்தது. அதைச் சீர்செய்து இன்றுவரை வைத்திருக்கிறீர்கள். சேப்பாக்கத்தில் 2012இல் எரிந்து கூரையே போன பழைய நவாப் அரண்மனைக் கட்டடமான கலச மகாலைப் பொதுப்பணித் துறை மீட்டெடுத்தது. அரசு அலுவலக வேகம் நமக்குத் தெரியாததா? அவர்களாலேயே முடிந்திருக்கிறது. பழைய கட்டடங்களைக் காக்கும் சட்டமும் அதே மெதுவான வேகம்தான். பாரம்பரிய ஆணையத்துக்கு 2012இல் சட்டம் போட்டுவிட்டு, 2024இல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் பேச ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது, விடுங்கள்.

இரண்டு கைகள் விளக்கை அணையாமல் காக்கிற சின்னம் உங்களுடையது. தவணைத் தேதி நெருங்கினால் எங்களுக்கு நினைவூட்ட மறப்பதில்லை. பதிலுக்கு நாங்களும் ஒன்றை நினைவூட்டலாம் அல்லவா?

முழுச் சீரமைப்புக்குத் திட்டம், ஒப்புதல், டெண்டர் என்று வருடக்கணக்கில் ஆகும் என்பது தெரியும். நான் கேட்பது அதுவல்ல. ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தச் செடிகளை வேரோடு எடுங்கள். மேலே தண்ணீர் இறங்காதபடி தகரமோ தார்ப்பாயோ போட்டு மூடுங்கள். பழைய கட்டட வேலை தெரிந்த ஒரு பொறியாளரை விட்டு, எந்தச் சுவர் நிற்கும், எதற்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த அறிக்கையையும் வேலை தொடங்கும் தேதியையும் வேலியிலேயே ஒரு பலகையில் எழுதி வைத்தால் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் படித்துக்கொள்வோம்.

தயவுசெய்து இந்த மழைக்கு முன் மூடுங்கள்.

இப்படிக்கு,
பாலிசிதாரர் ஒருவர்,
சென்னை