‘ஒரு மூடி பிளீச்’ என்றால் எத்தனை மில்லி?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுப் பராமரிப்புப் பக்கத்தில், கொரோனா பயமின்றி இருக்க ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மூடி பிளீச் கலந்து தினமும் வீட்டைத் துடைக்கச் சொல்லியிருந்தீர்கள். மூடி எவ்வளவு பிடிக்கும், வாளி எத்தனை லிட்டர், பிளீச் எத்தனை சதவீதம் என்ற மூன்றில் ஒன்றுகூட அதில் இல்லை. பல குடும்பங்கள் இந்தப் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டிவைத்துப் பின்பற்றுகின்றன. அளவு குறைந்தால் அவர்கள் உழைப்பு வீண். கூடினால் இருமலும் கண்ணெரிச்சலும்தான் மிச்சம்.

வீட்டுப் பரப்புகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 0.1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (பிளீச்சில் கிருமியைக் கொல்லும் பொருள்). இதற்கு எளிய கணக்கு உண்டு. 100-ஐப் புட்டியின் லேபிளில் உள்ள சதவீதத்தால் வகுத்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேண்டிய மில்லி கிடைத்துவிடும். 5 சதவீத பிளீச் என்றால் 20 மில்லி, 4 சதவீதம் என்றால் 25 மில்லி. நீங்கள் சொன்ன மூடி 10 மில்லி பிடிப்பது என்றும் வாளி 10 லிட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். 5 சதவீத பிளீச்சில் அந்தக் கலவை 0.005 சதவீதம்தான் வரும், அதாவது தேவையில் இருபதில் ஒரு பங்கு. பிளீச்சிங் பவுடர் வாங்குபவர்கள், அதில் குளோரின் 33 சதவீதம் இருந்தால் லிட்டருக்கு 3 கிராம் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேலே தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். திறந்த பையில் ஈரம் ஏறி வீரியம் இறங்கிவிடுவதால் பழைய பவுடரை நம்ப முடியாது.

அளவு சரியாக இருந்தும் பலன் இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் குளோரினைத் தின்றுவிடும், அதனால் முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டுத்தான் பிளீச். அடுத்தது அவசரம். தேய்த்த கையோடு உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிடுகிறார்கள். பரப்பு ஒரு நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும். கலக்குவது குளிர்ந்த நீரில், தண்ணீரை முதலில் ஊற்றிப் பிளீச்சை அதில் சேர்த்து. வெந்நீர் அதைச் சிதைக்கும். கலவை ஒரு நாள்தான் தாங்கும், மறுநாள் புதிதாகக் கலக்க வேண்டும். குடிநீர்ப் புட்டியில் மட்டும் ஊற்றி வைக்கவே வேண்டாம். பிள்ளைகள் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிடலாம். தெளிப்பானும் வேண்டாம், துளிகள் நேராக நுரையீரலுக்குப் போகும். துணியை நனைத்துப் பிழிந்து துடைப்பதே போதும்.

உங்கள் பக்கத்தில் விட்டுப்போனவற்றில் எனக்கு மிகவும் கவலை தருவது கலப்பு எச்சரிக்கை. நாற்றம் தூக்கலாக இருந்தால் கிருமி சாகும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் திரவத்தின்மேல் பிளீச்சையும் சேர்ப்பது அந்த எண்ணத்தால்தான். அமிலம் பட்டதும் பிளீச் நச்சான குளோரின் வாயுவைக் கக்கும். அமோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு ஆவி வரும். ஸ்பிரிட்டோடோ சானிடைசரோடோ சேர்ந்தால் குளோரோஃபார்ம் உருவாகலாம். வினிகரும் அமிலம்தான், ‘இயற்கையானது’ என்று நினைத்து அதைப் பிளீச்சோடு கலப்பதும் அதே குளோரினைத்தான் தரும். சிறுநீர் தேங்கிய கழிப்பறையில் நேராகப் பிளீச் ஊற்றினாலும் தொண்டை அடைக்கும் நெடி கிளம்பும், முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். ஒரே இடத்துக்கு இரண்டு திரவங்கள் தேவைப்பட்டால் ஒன்றை நன்றாக அலசி, நாள் இடைவெளி விட்டு மற்றது.

நெடி தாக்கினால், ஊற்றியதைக் கழுவிவிடலாம் என்று அங்கேயே நிற்கக் கூடாது. உடனே வெளியேறிக் கதவைச் சாத்திவிட்டு, காற்றோட்டமான இடத்துக்குப் போக வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, மேலே வரும்போது தொண்டையை இரண்டாம் முறை அரிக்கும். புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

இது வெறும் அச்சமல்ல. 2020 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 502 பேரிடம் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் காய்கனியைப் பிளீச்சில் கழுவியதாகச் சொன்னார்கள். பழத்துக்கு ஓடும் தண்ணீர் போதும். சோப்புகூட வேண்டாம், தோலின் நுண்துளைகளில் தங்கி வயிற்றைக் கலக்கும்.

இத்தனைக்கும், இந்த உழைப்பில் பெரும்பகுதி தவறான இடத்தில் போகிறது. 2020 மார்ச்சில் வெளியான ஆய்வகச் சோதனையில் வைரஸ் பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரை தென்பட்டது என்ற செய்தி பரவியதும், வாங்கிவந்த ஒவ்வொரு பொட்டலத்தையும் துடைக்கும் வழக்கம் தொடங்கியது. அதே சோதனையில் ஏறத்தாழ 7 மணி நேரத்துக்கு ஒருமுறை வைரஸ் பாதியாகக் குறைந்ததையும், கடைசியில் மிஞ்சியது ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்பதையும் யாரும் பெரிதாக எழுதவில்லை. அசுத்தமான பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாக 10,000-ல் ஒன்றுக்கும் குறைவு என்று அதே அமெரிக்க மையம் 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. வீட்டில் நோயாளி இல்லாதபோது சோப்புத் தண்ணீரே போதும், பொட்டலத்தைத் தொட்ட கையை 20 விநாடி கழுவினால் அந்தக் கவலை தீர்ந்தது. பிளீச்சை நோயாளி புழங்கும் அறைக்கும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

வைரஸ் முக்கியமாக மூச்சுக்காற்றில் பரவுகிறது. ஆனால் உங்கள் பக்கத்தில் ஜன்னல் என்ற சொல்லே இல்லை! எதிரெதிர்ச் சுவர்களில் உள்ள ஜன்னல்களைச் சேர்ந்தாற்போல் திறந்தால்தான் காற்று குறுக்கே ஓடும். ஒரே ஜன்னல் என்றால் மேஜை விசிறியை வெளிப்பக்கம் பார்க்க வைத்தால் உள்காற்று வெளியே தள்ளப்படும், அதற்குப் பதில் காற்று கதவு வழியாகவோ கதவிடுக்கு வழியாகவோ வரும். நோயாளியின் அறையில் இதைச் செய்யும்போது அறைக்கதவு சாத்தியே இருக்கட்டும். குளியலறையில் காற்றை வெளியேற்றும் விசிறி (எக்ஸாஸ்ட் ஃபேன்) இருந்தால் ஓடவிடலாம். ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றையே சுற்றிச்சுற்றிக் குளிரவைக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஆகவே ஏசி அறை காற்றோட்டமான அறை ஆகாது.

சானிடைசர் பற்றி எழுதும்போது எத்தில் ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதையும், கை முழுதும் உலரும்வரை அடுப்பருகே போகக் கூடாது என்பதையும் சேர்த்துவிடுங்கள். நச்சான மெத்தனால் கலந்த சானிடைசர்கள் பிடிபட்டிருக்கின்றன, எதில் செய்தது என்று லேபிளில் இல்லாததை வாங்க வேண்டாம்.

‘ஒரு மூடி’ குறிப்புக்குத் திருத்தத்தை மூலையில் சிறு எழுத்தில் போடாமல், குறிப்பு வந்த அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். சதவீதமும் மில்லியும் நேரமும் ஒரு கட்டத்துக்குள், ‘ஆசிட்டோடு கலக்காதீர்கள்’ என்ற வரியும் அந்தக் கட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும். வெட்டி ஒட்டுபவர்கள் கட்டத்தை மட்டும்தான் வெட்டுவார்கள்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்