கயலுக்கு எந்தப் புத்தகம் கொடுப்பது?

புதுக்கோட்டை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அவருக்குச் சர்க்கரை ஒருவழியாகக் கட்டுக்குள் வந்திருக்கிறது. மாடித் தண்ணீர்த் தொட்டியை மாற்றியதில் கையிருப்பு கரைந்துவிட்டது. பெரியவள் மார்கழியில் வருகிறேன் என்றிருக்கிறாள்.

உன் மகள் கயல் ஆபீஸ் மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை, தன்னம்பிக்கை வருகிற மாதிரி ஒரு புத்தகம் சொல் என்று கேட்டிருந்தாய். நூலகத்தில் சனிக்கிழமை மாலை நாங்கள் சில பெண்கள் சேர்ந்து படிக்கிறோம் என்று எழுதியிருந்தேன் இல்லையா? அங்கே அதிகம் கேட்டு வாங்குவது இந்த வகைப் புத்தகங்களைத்தான். அதனால் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பல புத்தகங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. கண்ணாடி முன் நின்று உன்னை நீயே பாராட்டிக்கொள், பயத்தை விரட்டு, எல்லாம் உன் மனசில்தான் இருக்கிறது என்கின்றன. விடியற்காலை எழுந்து சமைத்து, மாமியாருக்கு மருந்து கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவள் அதைப் படித்தால், குறை தன்னிடம்தான் என்று இன்னும் நொந்துபோவாள். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம்.

ஆனால் சில புத்தகங்களில் உருப்படியான பக்கங்கள் உண்டு. போன மாதம் படித்த ஒன்றில், வரவேண்டிய பணத்தை எப்படிக் கேட்பது என்று ஒரு பகுதி இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டாம், காரணம் அடுக்க வேண்டாம், தொகையையும் நாளையும் மட்டும் சொல் என்று எழுதியிருந்தார்கள். எங்களோடு வரும் தையல்கார அக்கா அந்த இடம் வந்ததும் பையிலிருந்து துணியில் குறி போடும் நீலச் சாக்பீஸை எடுத்து ஓரத்தில் கோடு போட்டுவிட்டார். நூலகப் புத்தகம்தான், இருந்தாலும் யாரும் தடுக்கவில்லை. அப்புறம், பாக்கி வைத்திருந்த ஒரு டீச்சரிடம் கேட்கிற மாதிரி எங்கள் முன்னால் சொல்லிப் பார்த்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க டீச்சர், பசங்களுக்கு ஃபீஸ் கட்டணும்..." என்று இழுத்தார். "அதெல்லாம் விடுங்க, மறுபடி சொல்லுங்க" என்றோம். மூன்று நான்கு தடவைக்குப் பிறகு, "ரெண்டு பிளவுஸ், சேலைக்கு ஃபால்ஸ் அடிச்சது எல்லாம் சேர்த்து எழுநூறு பாக்கி. வெள்ளிக்கிழமை கொடுத்துடுங்க" என்று சொல்லி நிறுத்தினார். அந்த வெள்ளிக்கிழமையே பணம் வந்துவிட்டது. வீட்டில் தனியாகப் படித்திருந்தால் கோடு போட்டதோடு முடிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கயலுக்குப் பொருத்தமாக எனக்கு நினைவு வருவது ஷெரில் சாண்ட்பெர்க் 2013-ல் எழுதிய 'லீன் இன்'. அப்போது அவர் ஃபேஸ்புக்கில் பெரிய பொறுப்பில் இருந்தார். அமெரிக்க நிதி அமைச்சர் அங்கே வந்தபோது, அவரோடு வந்த பெண் அதிகாரிகள் கடைசியாகச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மேஜையை விட்டு ஓரத்து நாற்காலிகளில் போய் உட்கார்ந்தார்களாம். இவர் கூப்பிட்டும் வரவில்லை. மேஜையில் போய் உட்காருங்கள் என்று அதை வைத்துத்தான் சொல்கிறார். நல்ல அறிவுரைதான். ஆனால் 2015-ல் கணவர் திடீரென்று இறந்த பிறகு, வீட்டுச் சுமை அழுத்தும்போது வேலையில் முன்னேறுவது எவ்வளவு கஷ்டம் என்பது அந்தப் புத்தகம் எழுதும்போது தனக்குச் சரியாகப் புரிந்திருக்கவில்லை என்று மறு ஆண்டு அவரே வெளிப்படையாக எழுதினார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அதற்குப் பிறகுதான். கயலிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்.

நம்மையே எடுத்துக்கொள். 1991-ல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதில் எவ்வளவு உறுதியாக நின்றார்! பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள், நடுக்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் கல்குவாரியில் வேலை பார்த்தவர்களுக்குத் தைரியமாக இரு என்று யாரும் பிரசங்கம் செய்யவில்லை. சைக்கிள் இருந்தது, பின்னால் பிடித்துக்கொண்டு ஓட இன்னொருத்தி இருந்தாள், தெருவில் கேலி செய்தவனுக்குப் பதில் சொல்லக் கூட்டமாகப் பெண்கள் இருந்தார்கள். நீ விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு மறுநாளே மைதானத்துக்கு வந்து நின்றதைக் கயலுக்குச் சொல்லியிருக்கிறாயா?

அதனால் புத்தகம் கொடுப்பதற்கு முன்னால் அவளிடம் ஒன்று கேள். பேசப் பயமா, இல்லை பேசினால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லையா? முதலாவது என்றால் ஒரு கேள்வியைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போய், மீட்டிங் தொடங்கிய பத்து நிமிஷத்துக்குள் கேட்டுவிடச் சொல். நேரமாக ஆக வாய் வராது. இரண்டாவது என்றால் கோளாறு அந்த ஆபீஸில் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் இன்னொரு பெண்ணோடு பேசி வைத்துக்கொள்ளட்டும். இவள் சொன்னதை யாராவது தாண்டிப் போனால், "கயல் இப்போ சொன்னாளே, அதை முடிச்சிடுவோம்" என்று அவள் எடுத்துக் கொடுக்க வேண்டும். கயலும் அவளுக்கு அப்படியே செய்ய வேண்டும்.

அவள் என்ன சொன்னாள் என்று எழுது, அதைப் பார்த்துப் புத்தகத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். விடுதியில் கூட இருக்கும் பெண்களோடு சேர்ந்து படிக்கச் சொல். உன் முதுகுவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா இல்லையா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

அன்புடன்,
வசந்தா