கொடைக்கானல் கேரவன் பயணம்: கிளம்பும் முன் படிக்கவும்

நண்பர்களே, சனிக்கிழமை காலை 6 மணிக்கு வத்தலக்குண்டில் கூடுகிறோம். 2024 மே 7 முதல் மலையேற இ-பாஸ் வேண்டும், இன்றே எடுத்துவிடுங்கள்.

ராத்திரி எவ்வளவு குளிர்ந்தாலும் வண்டிக்குள் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். குழந்தைகளும் வருகிறார்கள். கம்பளி கூடுதலாகக் கொண்டு வாருங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள்.

இறங்கும்போது சின்ன கியர்தான். கேரவன் கனமான வண்டி. பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

அப்புறம், ஞாயிறு ஆற்றோரத்தில் தங்கும்போது மேட்டில்தான் நிறுத்துவோம். மலையில் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும்.

வருகிறவர்கள் வெள்ளிக்குள் சொல்லிவிடுங்கள்.