படத்தில் இருந்தது 1758இல் பெயர் பெற்ற பூச்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து புதிய அந்துப்பூச்சி ஒன்று கண்டறியப்பட்டிருப்பதாகத் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளியான செய்தியைப் படித்தேன். அரிசி மூட்டையில் பறப்பதைத்தான் அந்து என்று நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி வகைகள் உள்ள இந்த நாட்டில், அவற்றில் ஒன்றுக்கு நான்கு பத்தி இடம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் செய்தியுடன் அச்சான படம் அந்தப் பூச்சியுடையது அன்று. பச்சையும் இளஞ்சிவப்பும் அலையலையாகக் கலந்த இறக்கைகளோடு அதில் அமர்ந்திருப்பது, அரளியிலும் நந்தியாவட்டையிலும் வளர்கிற டாஃப்னிஸ் நெரி. அதற்கு ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிவியலாளர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டிலேயே பெயர் வைத்துவிட்டார். விலங்குகளின் அறிவியல் பெயர்க் கணக்கே அவ்வாண்டு வெளிவந்த அவருடைய நூலிலிருந்துதான் தொடங்குகிறது என்பதால், புதிய பூச்சியைப் பற்றிய செய்தியில் இதைவிடப் பழைய பெயருள்ள ஒன்றைத் தேடிப் போட்டிருக்கவே முடியாது.

படம் மாறுவது அச்சுக்குப் போகும் அவசரத்தில் நேர்வதுதான். அதற்காக மட்டும் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆய்வாளர்கள் இரவில் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்துக் காத்திருந்ததை ரசனையோடு விவரித்த செய்தி, அந்தப் பூச்சி புதியது என்று எப்படித் தெரிந்தது என்பதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. பூச்சியைப் பார்ப்பது இதில் எளிய பகுதி. மழை விட்ட இரவில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படி டியூப்லைட்டைச் சுற்றிச் சுவரில் இருபது, முப்பது பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பாதிக்கு மேல் விரல் நகத்தைவிடச் சிறியவை, தவிட்டு நிறத்தவை. அவற்றில் எதற்குப் பெயர் உண்டு, எதற்கு இல்லை என்று சுவரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இறக்கையின் கோலம் ஏமாற்றக்கூடியது. செதில்கள் உதிர்ந்தால் நிறம் மங்கிவிடும். ஒரே சிற்றினத்தில் ஆணும் பெண்ணும் வேறு வேறு தோற்றத்தில் இருப்பதும் உண்டு, அவற்றை இரண்டு பூச்சிகளாகக் கருதி இரண்டு பெயர் வைத்துப் பின்னர் ஒன்றை நீக்கிய வரலாறும் உண்டு. ஆகவே ஆய்வாளர் பூச்சியின் வயிற்றுப் பகுதியைத் தனியே எடுத்துப் பத்து விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டுச் சூடாக்குகிறார். தசையும் கொழுப்பும் கரைந்து, கைட்டின் என்னும் கடினமான பொருளாலான கூடு மட்டும் மிஞ்சும். அதை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, மெல்லிய தூரிகையால் செதில்களைத் துடைத்துவிட்டு, இனப்பெருக்க உறுப்புகளை வெளியே இழுத்து, சாயம் ஏற்றிக் கண்ணாடிச் சில்லில் பொருத்துகிறார்கள். ஒரு கொக்கியின் வளைவு, ஒரு முள்ளின் நீளம் ஆகியவற்றில்தான் பல சிற்றினங்களின் அடையாளம் இருக்கிறது. விலங்கியல் ஆசிரியராக இருந்த காலத்தில் இதைச் சில முறை செய்து பார்த்திருக்கிறேன். கொஞ்சம் கூடுதலாகச் சூடுபட்டால் எல்லாம் கண்ணாடிபோல் வெளிறி ஓரங்களே தெரியாமல் போய்விடும். இருந்த ஒரே பூச்சி அதுவானால் மறுபடி காட்டுக்குத்தான் போக வேண்டும். இன்று 658 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ துண்டு ஒன்றையும் படித்து ஒப்பிடுகிறார்கள். அது பெரிய துணைதான் என்றாலும், அதை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இவ்வளவும் செய்த பிறகு, நெருங்கிய உறவுள்ள ஒவ்வொரு சிற்றினத்திலிருந்தும் இது எப்படி வேறுபடுகிறது என்று எழுதியாக வேண்டும். நம் ஊர்ச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஜார்ஜ் ஹாம்ப்சன், 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். நூற்றாண்டு கடந்தும் ஆய்வாளர்கள் அவற்றைப் புரட்டாமல் வேலை செய்ய முடியவில்லை. ஆனால் அவர் பெயரிட்ட பூச்சிகளில் பெரும்பாலானவற்றின் மூல மாதிரிகள், அதாவது பெயரிடும்போது அடையாளச் சான்றாக வைத்த பூச்சிகள், இலண்டன் அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளில் இருக்கின்றன. உதகையில் பிடித்த பூச்சி, உதகையில் முன்பு பிடித்த பூச்சியிலிருந்து வேறானது என்று காட்டச் சென்னையில் இருப்பவர் இலண்டனுக்குப் போக வேண்டும், அல்லது அங்கிருந்து படம் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு மாதிரி முதலில் சேகரிக்கப்பட்ட நாளுக்கும் அதற்குப் பெயர் கிடைக்கும் நாளுக்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் கழிகின்றன என்று, பல வகை உயிரினங்களையும் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2012இல் கணக்கிட்டது. செய்திகளில் வரும் "அண்மையில்" என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண் நினைவுக்கு வருகிறது.

அதனால்தான் மாதிரி எங்கே இருக்கிறது என்பதைச் செய்தியில் சொல்வது முக்கியம் என்கிறேன். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, புதிய உயிரினத்தைக் கண்டறிந்தவர் அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கென அவ்வாறு அறிவிக்கப்பட்ட காப்பகங்களில் ஒன்று இந்திய விலங்கியல் ஆய்வகம். அதன் தென்மண்டல மையம் நம் சாந்தோம் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. தங்கள் செய்தியாளர் ஆட்டோ பிடித்துப் போய்க் கேட்டு வரக்கூடிய தூரம்தான்.

இனி இத்தகைய செய்தி வரும்போது, பூச்சி எந்த ஆண்டில் பிடிபட்டது, எதனோடு ஒப்பிட்டு வேறு என்று முடிவு செய்தார்கள், மூல மாதிரி எங்கே வைக்கப்பட்டுள்ளது, பெயருக்கு என்ன பொருள் என்பவற்றைச் சேர்த்துக் கேட்டு வெளியிட வேண்டுகிறேன். இரண்டு வரி கூடும், அவ்வளவுதான். பேரினம், சிற்றினம் என்னும் சொற்களை (நெருங்கிய சிற்றினங்கள் அடங்கிய தொகுதியே பேரினம்) இடம் மாற்றிப் போடாமலும் பார்த்துக்கொள்ளலாம்; சென்ற வாரச் செய்தியில் புதிய பேரினம் என்று தலைப்பிலும் புதிய சிற்றினம் என்று உள்ளேயும் இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் அதைத்தான் வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டுகிறார்கள்.

படத்துக்குத் திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் ஒரு தகவல். டாஃப்னிஸ் நெரியின் புழு ஒன்று எங்கள் வாசல் நந்தியாவட்டையில் பத்து நாளாக இலைகளைக் காலி செய்துகொண்டிருந்தது. சுண்டுவிரல் நீளம், தலையருகே கண்போல் இரண்டு நீலப் புள்ளிகள், வால் பக்கம் ஒரு சிறு கொம்பு. நேற்று மாலை பச்சை நிறம் மாறிப் பழுப்பாகிச் செடியை விட்டு இறங்கி, தொட்டியடிச் சருகுக்குள் புகுந்துவிட்டது. இரண்டு வாரம் போல் கழித்துத் தங்கள் புகைப்படக்காரர் வந்தால், பழைய பூச்சியைப் பழைய பூச்சி என்றே குறிப்பிட்டு ஒரு நல்ல படம் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திருவான்மியூர், சென்னை - 41