ஞாயிறு கூட்டம்: விமானக் கடத்தல் கதைகள்

எல்லாருக்கும் வணக்கமுங்க. வரும் ஞாயிறு மாலை 4 மணிக்குக் கோபியில் வழக்கமான மாடியில் கூடுகிறோம். இந்த முறை விமானக் கடத்தல் திரில்லர். எந்த நாவலைப் படித்து வந்தாலும் சரி. விமானியின் மனைவி மக்கள் கடத்தல்காரன் பிடியில், முதுகுக்குப் பின்னால் நூற்றுச் சொச்சம் பயணிகள் என்றால் அவர் யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதுதான் பேச்சு.

2001 செப்டம்பரில் அமெரிக்காவில் விமானங்களைக் கடத்தி நடத்திய தாக்குதலுக்குப் பிறகு விமானி அறைக் கதவுகளை எளிதில் உடைக்க முடியாதபடி பலப்படுத்திவிட்டார்கள். அதனால்தான் கதை எழுதுகிறவர்கள் விமானியின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். அப்புறம், விமானத்திலிருந்து தரைக்கு அடையாள எண் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7500 என்று வைத்தால் கடத்தல் என்று தரைக் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்துவிடும். உங்கள் கதையில் விமானி அதைச் செய்தாரா, செய்யாவிட்டால் ஏன் என்று கவனியுங்கள்.

நாவல் படிக்க நேரமில்லாதவர்கள் 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிக் கடத்தப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஐசி 814 பற்றிப் படித்தால் போதும். விமானம் ஆப்கானிஸ்தானின் காந்தகாரில் நிற்க, பயணிகளின் சொந்தக்காரர்கள் டெல்லியில் பிரதமர் வீட்டு முன் போராடினார்கள். சிறையிலிருந்த 3 பேரை அரசு விடுவித்த பிறகு, 31ஆம் தேதிதான் பயணிகள் திரும்பினார்கள். அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராதுங்க. மாற்றுக் கருத்து இருந்தால் நேரில் சண்டை போடுவோம்.

கதையின் முடிவை மட்டும் இங்கே போட்டுவிடாதீர்கள். சாப்பிடச் சந்தகையும் தேங்காய்ப்பாலும். அரிசி ஊறப்போட வேண்டும், வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.