முகத்துவாரத்து மொட்டைமாடிக்கு நன்றி

முகத்துவாரத்து உறவுகளுக்கு வணக்கம்.

பங்குனிக் கடைசியில் தொடங்கி சித்திரை நடுப்பகுதி வரைக்கும் உங்கள் ஒழுங்கைகளில் தொலைநோக்கியும் கொப்பியுமாகத் திரிந்த பிள்ளைகளை மறந்திருக்க மாட்டீர்கள். மாரிக்கு வந்த பறவைகள் தங்கள் ஊருக்குத் திரும்புவதைப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. பார்த்துவிட்டோம். உங்கள் உதவி இல்லாமல் அது நடந்திராது.

முதல் நன்றி மாடி தந்த மாமிக்கு. வாவியும் கடலும் ஒன்றாகத் தெரியும் மொட்டைமாடி அது. திறப்பை எங்களிடமே தந்துவிட்டு, வருசத்துக்குச் சுட்ட பயற்றம்பணியாரத்தையும் தேத்தண்ணியையும் மேலே அனுப்பினார். பிள்ளைகள் அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

காத்தான்குடி விஞ்ஞான ஆசிரியர் தன்னுடைய பெரிய தொலைநோக்கியைத் தந்திருந்தார். அதில்தான் வளைமூக்கு உள்ளானைக் கிட்டத்தில் பார்த்தோம். வரும்போது சாம்பலும் வெள்ளையுமாக இருந்த பறவை, இப்போது கழுத்திலிருந்து நெஞ்சு வரை செங்கல் நிறம். வயிற்றில் மட்டும் பழைய வெள்ளை இறகு திட்டுத்திட்டாகக் கிடந்தது. வளைந்த சொண்டைத் தையல் ஊசி மாதிரிச் சேற்றில் குத்திக்குத்தி எடுத்தது. சைபீரியாவின் வடகோடியில், மரமே இல்லாத குளிர்நிலத்தில் முட்டையிடப் போகிற பறவை அது. அதற்குப் பக்கத்தில் ஓடித்திரிந்த கொசு உள்ளானுக்கு 25 கிராம் எடைதான் இருக்கும். அதுவும் அந்த வடதிசைக்குத்தான் போகிறது.

இவ்வளவு தூரம் பறக்க வேண்டிய கொழுப்பை அதுகள் இந்தச் சேற்றுப் புழுவிலும் சின்ன இறாலிலும்தான் சேர்க்கின்றன. ஒவ்வொரு தடவையும் வெருண்டு எழும்பும்போது சேர்த்ததில் கொஞ்சம் கரைந்து போகும். அதனால்தான் மோட்டார்சைக்கிள் தம்பிமாருக்கு நன்றி சொல்லும்போது எனக்கு மனம் நிறைகிறது. முதல் கிழமை நீங்கள் அந்த மணல் திட்டில் ஓடினீர்கள், பறவைகள் இருப்புக்கொள்ளாமல் எழும்பி எழும்பி இறங்கின. வந்து விசயத்தைச் சொன்னோம். "சரி அண்ணே, அதுகள் போகுமட்டும் இந்தப் பக்கம் வரமாட்டோம்" என்றீர்கள். வரவே இல்லை. வேறு யாரும் வந்தாலும் நீங்களே மறித்துச் சொன்னதை மாடியிலிருந்து பார்த்தோம்.

மறுகா, வீச்சுவலை ஐயா. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? விடியச் சாமம் எழும்பி வந்து ஒன்றும் காணாமல் நின்ற எங்களிடம், "அதுகள் வெளிக்கிடுறது பொழுதுபடக்க மனே. காலமைக்கு வந்து என்னத்தைப் பார்க்கப் போறாய்?" என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து மாலையில் வந்தோம்.

மூன்றாம் நாள், ஐந்தரை மணி இருக்கும். மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் தலையை நிமிர்த்தி ஓயாமல் சத்தம் போடத் தொடங்கியது. ஒன்று எழும்ப, மற்றவையும் எழும்பின. நாற்பதுக்குக் குறையாது. வாவிக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றி, உயர உயரப் போய், கலைந்த கூட்டம் ஒரு கோடாக நீண்டு வடக்கே திரும்பியது. மாடியில் ஒருவரும் மூச்சு விடவில்லை. சின்னவள் ஒருத்தி மட்டும் கையைக் காட்டி "போயிட்டு வாங்க" என்றாள். கீழே வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஐயாவும் அண்ணாந்து நின்றார்.

தொலைநோக்கியின் கால் முறிந்த அன்று காசு வாங்காமல் ஒட்டித் தந்த வெல்டிங் கடை அண்ணருக்கும், இருட்டினாலும் பிள்ளைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்விட்ட ஓட்டோ மாமாவுக்கும் எங்கள் நன்றி.

ஒட்டிய காலை மாமி வீட்டு மாடிப்படிக்குக் கீழேயே வைத்திருக்கிறோம். ஆவணியில் முதல் உள்ளான்கள் திரும்பத் தொடங்கும்போது வந்து எடுத்துக்கொள்கிறோம், மாமி.

அன்புடன்,
பறவை பார்க்கும் பிள்ளைகளும் அவர்களோடு வந்த நானும்
மட்டக்களப்பு